சேகரிப்பு அட்டை வணிகம் (சமூக ஊடகங்களில்)

சேகரிப்பு அட்டை வணிகம் என்பது விளையாட்டு வீரர், திரைப் பாத்திரம், கற்பனை விலங்கு முதலியவற்றின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைச் சேகரிப்போர் தமக்குள் விற்பதும் வாங்குவதும் மாற்றிக்கொள்வதுமாகும். இலங்கையில் இது பெரும்பாலும் முகநூல் குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும் நடைபெறுகிறது.

வரலாறு

1870களில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொதிகளில் விற்கப்பட்டன. அவை நசுங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை செருகப்பட்டது. அந்த அட்டை வெறுமையாக இருப்பானேன் என்று அதில் நடிகையர், வீரர், பறவைகள் எனப் படம் அச்சிடத் தொடங்கினர். ரிச்மண்ட் நகரின் அலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் இதில் முன்னோடி. பிரிட்டனில் வில்ஸ் நிறுவனம் 1896இல் 50 கிரிக்கெட் வீரர்களைக் கொண்ட தொகுதியை வெளியிட்டது. கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் படமும் அக்காலச் சிகரெட் அட்டைகளில் வந்தது. தொகுதியை நிறைவுசெய்யும் ஆசைதான் அடுத்த பொதியை விற்றது. இரண்டாகக் கிடைத்ததைக் கொடுத்து இல்லாததை வாங்கும் வழக்கமும் அப்போதே பிறந்தது.

காகிதத் தட்டுப்பாட்டால் 1940இல் பிரிட்டிஷ் சிகரெட் அட்டைகள் நின்றன. 1954 முதல் 1999 வரை அந்த இடத்தைப் புரூக் பாண்ட் தேயிலைப் பொதிகளின் அட்டைகள் பிடித்தன. அமெரிக்காவில் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்போல் அட்டைகளில் விற்காமல் தேங்கியவை 1960இல் படகில் ஏற்றப்பட்டு அட்லாண்டிக் கடலில் கொட்டப்பட்டன. அதே தொகுதியின் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது.

தமிழ்நாட்டில் பிக் ஃபன் பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் அட்டைகளையும் மல்யுத்த ட்ரம்ப் கார்டுகளையும் 1990களில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானில் 1996 ஒக்டோபரில் போக்கிமான் அட்டைகள் வந்தபின் இது உலகச் சந்தையாயிற்று. உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்று தெரியாமல் சீல் வைத்த பொதிக்குக் காசு கொடுப்பது சூதாட்டத்தைப் போன்றது. அதன் கவர்ச்சியும் அதுவே.

போலியும் மதிப்பீடும்

அட்டையின் விலை அதன் அருமையையும் நிலையையும் பொறுத்தது. மூலை மழுங்கினாலே பெறுமதி பாதியாகலாம். எனவே மோசடியும் அங்கேயே நிகழ்கிறது. நிலையை மதிப்பிட்டுக் கண்ணாடிபோன்ற உறையில் அடைத்துத் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991இல் தொடங்கியது. அது முதன்முதலில் மதிப்பிட்டது பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்றை. ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளி ஒருவரும் அதை 4,51,000 டொலருக்கு வாங்கியிருந்தனர். அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக ஏல நிறுவன உரிமையாளராக இருந்த பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். யூடியூபர் லோகன் போல் 35 இலட்சம் டொலருக்கு வாங்கிய போக்கிமான் பெட்டியும் நிபுணர் சரிபார்த்ததே. 2022 ஜனவரியில் திறந்தபோது உள்ளே ஜி.ஐ. ஜோ அட்டைகள் இருந்தன.

எனவே உறையை மட்டும் நம்புவது போதாது. உறையில் உள்ள இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம், ஆனால் உண்மையான இலக்கத்தைப் போலி உறையில் ஒட்டுவோரும் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உண்மையான போக்கிமான் அட்டையின் நடுவே உள்ள கரும்படலம் பொதுவாக ஒளியைப் பெருமளவு தடுக்கும். மலிவான போலியில் ஒளி ஊடுருவும். படத்தை மட்டும் பார்த்து வாங்குவோருக்கு இது உதவாது. விற்பவரின் பெயரும் அன்றைய திகதியும் எழுதிய துண்டுத்தாளை அட்டையுடன் வைத்துப் படமோ காணொளியோ எடுத்தனுப்பக் கேட்பதே அவர்களுக்குள்ள முதல் காப்பு. வேறெங்கோ திருடிய படத்தால் இதைச் செய்ய முடியாது. விற்பவரும் ஏமாறுவதுண்டு: வாட்ஸ்அப்பில் வரும் வைப்புச் சிட்டையின் படத்தை நம்பி அட்டையை அனுப்பிவிட்டு, கணக்கில் பணம் வராததைப் பிறகு அறிவார்கள். சிட்டையைப் பார்ப்பதைவிடக் கணக்கைப் பார்ப்பதே முறை. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர்.

இறக்கக்கண்டி போன்ற இடங்களில்

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டை வீதியில், நிலாவெளியை அடுத்துள்ள கடலோரக் கிராமமான இறக்கக்கண்டியிலிருந்து அட்டை வாங்குபவர் கொழும்பு விற்பனையாளரை நேரில் சந்திக்க நாளெல்லாம் பயணம் செய்ய வேண்டும். அவருக்கு ஏற்றது, பொருளை ஒப்படைக்கும்போது தபால்காரர் பணம் வாங்கும் வி.பி.பி. முறையோ கூரியரின் சி.ஓ.டி. முறையோ. ஆயினும் பணம் கொடுத்தபின்தான் பொதி பிரிகிறது. ஆகவே பிரிப்பதைக் காணொளியாக எடுத்துவைப்பது நல்லது. அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, இரு காகித அட்டைத் துண்டுகளுக்கிடையே வைத்து, ஈரம் புகாதபடி சுற்றி அனுப்ப வேண்டும். கரையோரக் காற்றின் ஈரப்பதன் அட்டையை வளைத்துவிடும்.

ஏமாற்றுதல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398 முதல் 403 வரையான பிரிவுகளின் கீழ்க் குற்றமாகும்; 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் உண்டு. முறைப்பாட்டுக்கு உரையாடற் படங்கள், கணக்கிலக்கம், தபால் பற்றுச்சீட்டு ஆகியன தேவைப்படும்.