மருந்தில்லாத ராக்கெட்

தீபாவளிக்கு ராக்கெட் விட்டு வளர்ந்த எவருக்கும் பாட்டிலின் வரலாறு ஓரளவு தெரியும், அது வரலாறு என்று தெரியாமலே. முதலில் கண்ணாடி பாட்டில் இருந்தது. சோடா பாட்டில், டானிக் பாட்டில், வீட்டுப் பெரியவர்கள் பெயர் சொல்லாத வேறு பாட்டில். தெருவில் வைத்தால் கனமாக நிற்கும், ராக்கெட்டும் நேராக மேலே போகும். பிறகு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. காலியாக இருந்தால் அதற்கு எடையே கிடையாது. திரி பற்றி சீறத் தொடங்கும்போதே சாய்ந்துவிடும், ராக்கெட் எதிர்வீட்டு மாடிக்குப் போய்விடும். அதனால் பாதிவரை மணல் ரொப்பவேண்டும். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் இருக்கிற ஆமத்தூரில் எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் பட்டாசு ஆபீஸ் இல்லாத திசை கிடையாது.

ஆனால் ராக்கெட்டைத் தாங்கி நிற்கிற அந்த பாட்டிலே ராக்கெட்டாகப் பறக்கும். ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாமல், தண்ணீரையும் சைக்கிள் பம்பையும் வைத்தே. எனக்கு இது தெரிய வந்தது பொறியியல் பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து, ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்த பிறகுதான். வெடிமருந்தை இவ்வளவு அறிந்த ஒரு நிலத்தில் இந்த ராக்கெட் ஏன் சாதாரண விஷயமாக இல்லை என்று யோசிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன்.

பாட்டிலில் இருந்து தொடங்கலாம். நம் ஊரில் பாட்டில் என்றால் வெகுகாலம் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள். கோலி சோடா பாட்டிலை ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை செய்தார். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கும். குடித்தவர் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோவது அநேகமாகத் திருட்டுதான்.

திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பாட்டில் பிறந்த கதை துணியில் தொடங்குகிறது. 1941இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டிக்சன் என்ற இருவர் பாலிஎத்திலீன் டெரெப்தலேட் என்ற பொருளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுக்கு வேண்டியது நூல். டெரிலீன் என்று அது நம் அப்பாக்களின் சட்டைவரை வந்தது. அதே பொருள் பாட்டிலாக முப்பது வருடம் ஆனது. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் நதானியேல் வயத் என்ற பொறியாளர் இருந்தார். ஓவியர் ஆண்ட்ரூ வயத்தின் அண்ணன். கேஸ் நிரப்பிய பானத்தை ஏன் பிளாஸ்டிக்கில் அடைப்பதில்லை என்று கேட்டார், வெடித்துவிடும் என்றார்கள். சோப்புத் திரவம் வந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ஜிஞ்சர் ஏலை ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பாட்டில் ஊதிப்போய் தட்டுகளுக்கு நடுவே இறுகிக் கிடந்தது.

நைலான் இழையை இழுத்தால் அதன் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைகட்டும், இழை உறுதியாகும். பாட்டிலை ஒரு திசையில் இழுத்தால் போதாது. நீளவாக்கிலும் சுற்றளவிலும் ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும். தடித்த சோதனைக்குழாய் மாதிரி ஒன்றை முதலில் வார்த்து, சூடாக்கி, அச்சுக்குள் வைத்து ஊதி விரிப்பது இதற்குத்தான். வயத்தின் காப்புரிமை 1973இல் வந்தது. இன்று நாம் குடித்துவிட்டு வீசுகிற கலர் பாட்டில், உள்ளே காற்றழுத்தத்தைப் போல நாலைந்து மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கடை அலமாரியில் சும்மா நிற்கிறது. கார் டயரில் இருப்பதைவிட அதிகம். அடியில் பூவிதழ் போல ஐந்து கால்கள் இருப்பதும் அலங்காரம் இல்லை. தட்டையான அடியாக இருந்தால் அழுத்தத்தில் வெளியே பிதுங்கி, பாட்டில் நிற்காது. தண்ணி பாட்டிலின் அடியைத் தடவிப் பாருங்கள், அந்தக் கால்கள் இருக்காது. தாங்கவேண்டிய அழுத்தம் அதற்கு இல்லை.

ராக்கெட்டுக்குக் கலர் பாட்டில்தான் வேண்டும், தண்ணி பாட்டில் ஆகாது என்பதற்கு இதுவே காரணம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் வால்வு செருகிய ரப்பர் கார்க்கால் வாயை இறுக அடைத்து, தலைகீழாகத் தாங்கியில் நிறுத்தி, தள்ளி நின்று பம்ப் அடிக்கவேண்டும். அழுத்தம் கார்க்கின் பிடியை மிஞ்சும் கணத்தில் பாட்டில் கிளம்பும். தண்ணீர் எதற்கு, வெறும் காற்றே போதாதா? காற்றுக்கு எடை குறைவு. அதை எவ்வளவு வேகமாகக் கீழே தள்ளினாலும் பாட்டிலுக்குக் கிடைக்கும் உந்தம் கொஞ்சம். தண்ணீர் கனம். தண்ணீர் அதிகமானால் தூக்கவேண்டிய சுமையும் கூடும், காற்றுக்கு இடமும் குறையும். எவ்வளவு ஊற்றினால் அதிக உயரம் என்பதை ஒரு பிள்ளை தானே பத்து முறை விட்டுப் பார்த்து, நோட்டில் குறித்துக் கண்டுபிடிக்கலாம். நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடம் செய்ய வைத்து நாம் கெடுத்துக்கொண்ட ஒரு மத்தியானம் அது.

இந்தியாவில் இப்படிக் குப்பையிலிருந்து அறிவியலை எடுக்கும் வழக்கத்துக்கு ஒரு தெளிவான தொடக்கம் உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து, 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் பாடத்திட்டத்தைத் தொடங்கின. விடையைச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 1978இல் அது மாவட்டம் முழுக்க விரிந்தது. அந்த வருடம்தான் அர்விந்த் குப்தா அங்கே வந்தார். ஐஐடி கான்பூரில் படித்தவர், புனேயில் டெல்கோவில் லாரி தயாரிப்பில் வேலை பார்த்தவர். ஒரு வருட விடுப்பு எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனார். (ஒரு வார விடுப்புக்கு மூன்று பேரின் ஒப்புதல் வாங்கும் தொழிலில் இருப்பவனுக்கு இந்த வரியை எளிதில் தாண்ட முடிவதில்லை.)

அங்கே வாரச்சந்தையில் சைக்கிள் வால்டியூப் மலிவாகக் கிடைத்தது. அதைச் சிறு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது. பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணம் ஏன் என்பதை விரலே சொல்லிவிடுகிறது. எண்பதுகளின் நடுவில் வந்த குப்தாவின் முதல் புத்தகம் இந்தத் தீக்குச்சி மாதிரிகளைப் பற்றியது, பல இந்திய மொழிகளுக்குப் போனது. அதில் முதல் வேலை, பிளேடால் தீக்குச்சியின் தலையில் உள்ள மருந்தைச் சுரண்டி எடுத்துவிடுவது.

இங்கே என்னால் ஊரைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம்தான் நாட்டின் கைத்தொழில் தீப்பெட்டிக்குத் தாய்வீடு. ஹோஷங்காபாத்தில் சுரண்டப்பட்ட குச்சி எங்க பக்கத்துக் குச்சியாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் அதைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கி, மருந்தில் முக்குவதற்குத் தயார் செய்தது பெரும்பாலும் பிள்ளைகளின் கை. அதிகாலை இருட்டில் பஸ் வந்து கிராமம் கிராமமாக அவர்களை ஏற்றிப்போன காலம் அது. 1983இல் ஸ்மிது கோத்தாரி எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் இதைப் பற்றி எழுதினார், அந்தக் குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்பதே தலைப்பு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைத்துக்கொள்ளத் தடை விதித்தது, குடும்பமே சேர்ந்து வீட்டில் செய்தால் தடையில்லை என்ற ஓட்டையோடு. 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்டவேண்டும் என்றது.

ஒரே பத்தாண்டில் ஒரே குச்சி. ஹோஷங்காபாத்தில் ஒரு பிள்ளை அதைச் சதுரமாக்கி ஆட்டிப் பார்த்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பிள்ளை எத்தனை சட்டம் அடுக்கினாள் என்று மேஸ்திரி எண்ணிக்கொண்டிருந்தார். மலிவான பொருள் தன்னால் எதையும் கற்றுத் தருவதில்லை, அதைத் தொடுகிற கைக்கு நேரம் இருக்கவேண்டும். எங்கள் வட்டாரத்தில் மருந்தில்லாத ராக்கெட் ஏன் வழக்கமாகவில்லை என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் ஏறக்குறைய இதுதான்.

தமிழில் இந்தப் பொருளைக் கொண்டுவந்ததில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கும் அதன் சிறுவர் இதழான துளிருக்கும் பெரிய பங்கு உண்டு. குப்தா 2003 முதல் பத்தாண்டுக்கும் மேல் புனேயில் ஐயூகா நிறுவனத்தின் சிறுவர் அறிவியல் மையத்தில் இருந்து குப்பைப் பொம்மைகளைக் காணொளிகளாக ஆக்கியபோது தீக்குச்சிக்குப் பக்கத்தில் பாட்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குள் கிராமத்திலும் தீக்குச்சி அளவுக்கு பாட்டில் கிடைக்கத் தொடங்கியிருந்தது.

பாட்டில் வெறுமனே பழைய சாமானுக்கு மாற்றாக வரவில்லை, சில சோதனைகளையே மாற்றியது. முங்கி எழும் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். டெகார்ட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஆனால் 1648இல் அதை விவரித்தவர் இத்தாலியரான ரஃபேல்லோ மஜோட்டி. அன்றைக்குக் கண்ணாடி ஜாடி வேண்டும், வாயில் தோல் கட்டி அழுத்தவேண்டும். இன்று கலர் பாட்டில் நிறையத் தண்ணீர், அதற்குள் நுனியில் கொஞ்சம் களிமண் ஒட்டிய பேனா மூடி, அவ்வளவுதான். பாட்டிலைப் பிசைந்தால் மூடி முங்கும், விட்டால் எழும். மூடி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் அழுத்தும்போது உள்ளே தண்ணீர் ஏறுவதும் தெரியும். கண்ணாடியைப் பிசைய முடியாது. முந்நூறு வருடப் பழைய சோதனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு வந்தது பாட்டிலின் சுவர் நெகிழ்ந்து கொடுப்பதால்தான்.

இன்னொன்று, தெளிந்த தண்ணீரை பாட்டிலில் அடைத்து ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்கவைத்தால் நோய்க்கிருமிகள் சாகும். பெய்ரூட்டில் அஃப்திம் அக்ரா எண்பதுகளில் தொடங்கிவைத்ததை, 1991 முதல் சுவிட்சர்லாந்தின் இயவாக் நிறுவனம் சோதித்துப் பரப்பியது. மேகமாக இருந்தால் இரண்டு நாள். கலங்கல் தண்ணீருக்குப் பலிக்காது, உப்பும் ஃப்ளோரைடும் போகாது. வெயிலுக்கு விருதுநகரில் என்றைக்குப் பஞ்சம்?

வீடுகளில் பாட்டிலுக்கு எப்போதும் வேலை இருந்தது. செக்குக்கு எண்ணெய் வாங்கப் போகும் பாட்டில், ரேஷன் மண்ணெண்ணெய் பாட்டில், பட்டாசு ஆபீசுக்கு அக்காமார் எடுத்துப்போகும் இரண்டு லிட்டர் தண்ணி பாட்டில். இவை ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து. மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் கலர் பாட்டிலில் ஊற்றி வைப்பதால் குடித்துவிடுகிற பிள்ளைகளைப் பற்றி ஆஸ்பத்திரிகளில் கேட்டால் சொல்வார்கள். மறுபயன்பாட்டைப் புகழ்கிறவர்கள் இதை எழுதுவதில்லை.

பள்ளிகளில் பாட்டிலுக்குக் கிடைத்திருப்பது வேறு வேலை. ‘வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்’ என்று ஒரு போட்டி. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளை ஞாபகப்படுத்தும். அப்பா கடைக்கு ஓடுவார். மினுமினுப்புத் தூள், சாட்டின் ரிப்பன், ஃபெவிகால், தெர்மோகோல், பெயிண்ட். வீட்டில் காலி பாட்டில் இல்லையென்றால் புது கலர் பாட்டில் ஒன்று வாங்கி, உள்ளே இருப்பதை அவசரமாகக் குடித்து முடிப்பார்கள். பேனா ஸ்டாண்ட் ரெடி. இரண்டு வாரம் மேஜையில், பிறகு பரணில், பிறகு தெருமுனையில். கைவேலை கேவலம் என்று சொல்லவில்லை. பாட்டிலைச் சுருளாக வெட்டி விளக்குமாறு கட்டுகிறவர்களும், அடியில் துளையிட்டு மிளகாய் நாற்றுக்குச் சொட்டுநீர் விடுகிறவர்களும் அந்தப் பொருளின் குணத்தைப் புரிந்துதான் கை வைக்கிறார்கள். பேனா ஸ்டாண்டுக்கு அது பாட்டிலாகவே இருக்க வேண்டியதில்லை, கொட்டாங்கச்சியும் போதும். மூடியின் மரை எத்தனை சுற்று, ஏன் அத்தனை என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தப் போட்டியில் மார்க் கிடையாது.

ஹோஷங்காபாத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. 2018இல் அர்விந்த் குப்தாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே பட்டியலில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவனும் இருந்தார், பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசி ரோடு போடும் முறையைக் கண்டவர். அந்த ரோட்டில் கேரி பேக் உருகும், நம் பாட்டில் உருகாது. ஜல்லியின் சூடு 170 டிகிரி அளவு, பாட்டில் உருக 250 தாண்டவேண்டும். அதன் வழி பழைய இரும்புக்கடை. அங்கிருந்து நசுக்கி, தூளாக்கி, உருக்கி, பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையாகிறது. வின்ஃபீல்டும் டிக்சனும் தேடிய அதே நூல்.

கடைக்காரர் எடை போடும் முன் பாட்டிலை ஒரு பார்வை பார்ப்பார். ஊசி குத்திய துளை இருந்தாலும், கத்தரியால் பாதியாக வெட்டியிருந்தாலும், ராக்கெட்டாகப் பத்து முறை விழுந்து கழுத்து நசுங்கியிருந்தாலும் தராசில் போட்டுவிடுவார். பெயிண்ட்டும் கோந்தும் மினுமினுப்பும் ஒட்டியதைத் தனியே எடுத்து ஓரமாகப் போடுவார். அதற்கு விலை இல்லை.