சுங்கிங் மேன்ஷன்ஸ்: ஒரு மட்டமான ரூமின் வரலாறு

குறைந்த செலவில் வெளிநாடு போய் வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பார்த்த இடங்களை விட, தங்கின ரூமைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள். போட்டோவில் ஒன்று, நேரில் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். பெட்டியைத் திறக்கக் கட்டில் மேல்தான் இடம். "நல்லா ஏமாத்திட்டான்" என்று ஓனரைத் திட்டுவதோடு கதை முடிந்துவிடும். ஆனால் அந்த மாதிரி ரூமுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதற்கு நல்ல உதாரணம் ஹாங்காங்கில் இருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ்.

நேதன் ரோட்டில், சிம் ஷா சூய் பகுதியில் இருக்கிறது இந்தக் கட்டடம். 1961-ல் கட்டி முடிக்கப்பட்டது. 17 மாடிகள், ஏ முதல் ஈ வரை ஐந்து பிளாக்குகள், கீழே கடைகள். கவனிக்க வேண்டிய விஷயம், இதை யாரும் ஹோட்டலாகக் கட்டவில்லை. குடும்பங்கள் வசிப்பதற்காகக் கட்டி, தனித்தனி ஆட்களுக்கு விற்ற ஃபிளாட்டுகள் இவை. வியட்நாம் போர்க் காலத்தில் விடுமுறைக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். 1970-களில் முதுகில் பையோடு ஊர் சுற்றும் வெள்ளைக்கார இளைஞர்கள் வந்தார்கள். ஓனர்கள் பார்த்தார்கள், ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதை விட, நடுவில் தடுப்பு வைத்து நாலைந்து ரூமாக்கி தினவாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். இப்படித்தான் "கெஸ்ட் ஹவுஸ்" பிறந்தது.

புலம்பல்கள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு வீட்டைப் பல துண்டாக்கினால் எல்லாத் துண்டுக்கும் வெளிச்சம் வராது. பாத்ரூமைப் பிரித்தால் டாய்லெட்டுக்கு மேலேயே ஷவர் வரும். ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டே சின்ன லிஃப்ட்; தங்குகிறவர்கள் எண்ணிக்கை ஏற ஏற, கீழே க்யூவும் நீண்டது.

சரி, சரி செய்ய வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். இந்த ஒரு கட்டடத்துக்கு 900-க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள்! லிஃப்டும் வயரிங்கும் எல்லோருக்கும் பொது. ஒருவர் காசு போட்டால் பலன் எல்லோருக்கும் போகும். பூனைக்கு யார் மணி கட்டுவது?

இன்னொரு காரணம், எங்கள் காமர்ஸ் பாடத்திலேயே வருவது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். (2001-ல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் இவரும் ஒருவர்.) சரக்கின் தரம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் நல்ல சரக்குக்கும் அதிக விலை தரத் தயங்குவான். நல்ல சரக்கு மெல்ல சந்தையை விட்டே போய்விடும். நம் ரூமுக்கும் அதே கணக்குதான். டூரிஸ்ட் ஒருமுறை வருவான், திட்டுவான், போய்விடுவான். திரும்பி வராத கஸ்டமருக்காக யார் புது மெத்தை வாங்குவார்கள்?

ஆனால் மெத்தையோடு இது நிற்கவில்லை. 1988 பிப்ரவரியில் இங்கே ஏற்பட்ட தீ விபத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார். 1991-ல் ஹாங்காங்கில் ஹோட்டல்களுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் லைசென்ஸ் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1993-ல் மின்சாரக் கோளாறால் சுமார் பத்து நாள் கட்டடமே இருளில் கிடந்தது. பிறகுதான் மெல்ல மெல்ல ரிப்பேர், கேமரா, செக்யூரிட்டி எல்லாம்.

அப்படியானால் இழுத்து மூடியிருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் கார்டன் மேத்யூஸ் அங்கேயே பல இரவுகள் தங்கி ஆராய்ந்து, 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார். கெஸ்ட் ஹவுஸ் பதிவேடுகளைப் புரட்டியதில் 129 நாட்டுக்காரர்கள் தங்கியிருந்தது தெரிந்தது. ஒரு இரவுக்குச் சுமார் 4,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் டூரிஸ்டுகள் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்தும் நம் பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்த சிறு வியாபாரிகள். சீனாவில் தயாரான மொபைல்களை இங்கே மொத்தமாக வாங்கி, பெட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டு போனார்கள். சகாராவுக்குத் தெற்கே புழங்கிய மொபைல்களில் 20 சதவிகிதம் வரை இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு!

அந்த வியாபாரிக்கு ரூம் வாடகை என்பது முதலீட்டிலிருந்து போகிற காசு. ஒரு வாரம் நல்ல ஹோட்டலில் தங்கினால் எத்தனை போன் குறையும் என்று அவர் கணக்குப் போடுவார். பல நாட்டுக்காரர்களுக்கு ஹாங்காங் வர முன்கூட்டியே விசா தேவைப்படவில்லை. 2017 ஜனவரியில் முன்பதிவு முறை வரும் வரை இந்தியர்களும் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி 14 நாள் தங்கலாம். விசா இல்லாத ஊரும் மலிவான ரூமும் சேர்ந்துதான் பெரிய பணம் இல்லாதவனையும் உலக வியாபாரத்துக்குள் விட்டன.

டூரிஸ்டுக்கு ஏமாற்றமாக இருந்த அதே ரூம் இன்னொருவருக்கு மூலதனம். அதனால் மலிவான ரூம்களே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மலிவுக்காக எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதுதான் கேள்வி. ஜன்னலை விடலாம், அகலத்தை விடலாம், வெள்ளைத் துண்டையும் விடலாம். படிக்கட்டையும் வயரிங்கையும் விட முடியாது. ஆனால் இந்த இரண்டும் போட்டோவில் தெரியாது. தங்குகிறவன் கேட்பதும் இல்லை. கேட்காததால் சந்தை தானாகத் தரவும் தராது. அதற்குத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

நீங்கள் எப்போதாவது அப்படியொரு ரூமில் தங்க நேர்ந்தால், சாவியை வாங்கியதும் மெத்தையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் அவசர வழி எங்கே என்று பாருங்கள். புலம்பலை அப்புறம் வைத்துக் கொள்ளலாம் :-)