கங்காணி இல்லாத கூட்டம்



மக்கிய இலைச் சருகை நாம் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடுகிறோம். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் காட்டுச் சருகிலிருந்துதான் கென்னத் ரேப்பர் என்னும் அறிஞர் ஒரு விந்தை உயிரைப் பிரித்தெடுத்தார். அது டிக்டியோஸ்டீலியம் இனத்தைச் சேர்ந்த சளிப்பூஞ்சணம். பெயரில்தான் பூஞ்சணம், உண்மையில் அது அமீபா.

மண்ணில் பாக்டீரியாக்கள் கிடைக்கும்வரை ஒவ்வோர் அமீபாவும் தனித்தே வாழும். இரை தீர்ந்தால் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, ஒரே புழுவைப்போல் வெளிச்சம் தேடி ஊர்ந்து செல்லும். பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயிர்விட்டுத் தண்டாகும். எஞ்சியவை அதன் உச்சியில் வித்துகளாகிப் பிழைக்கும்.

இவற்றைக் கூட்டுவது யார்? ஜான் போனர் என்பவர் ஓடும் நீரில் வைத்துச் சோதித்து, 1947இல் விடையை வெளியிட்டார். நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருந்தவை மட்டுமே கூட்டத்தை நாடி வந்தன. ஆகவே, நீரில் கரைந்து செல்லும் ஏதோ ஒரு வேதிப்பொருளே அழைக்கிறது என்பது தெளிவாயிற்று. அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்று 1967இல் கண்டறியப்பட்டது. நாம் திடுக்கிடும்போது நம் கல்லீரலின் அணுக்களுக்குள் செய்தி சொல்வதும் இதே பொருள்தான்.

முதலில் அழைக்கும் தலைமை அணு ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று பலர் கருதினர். 1970இல் ஈவ்லின் பாக்ஸ் கெல்லரும் லீ சீகலும் கணக்குப் போட்டு, தலைவன் இல்லாமலே கூட்டம் சேர முடியும் என்று காட்டினர். பசித்த அணுக்கள் அந்தப் பொருளைச் சுரக்கின்றன. அதை உணர்ந்து நெருங்குகின்றன. நெருங்க நெருங்க அழைப்பு வலுக்கிறது.

ஆகவே நேயர்களே, அதட்டும் குரல் இல்லாவிட்டால் ஒழுங்கும் இராது என்று இனி யாரேனும் சொன்னால், இந்தச் சருகுக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.