பழக்கிய கைதட்டல்: தொலைக்காட்சியும் தென்காசி வட்டாரத்து அவை மரபும்

1. ஆய்வுப் பொருள்

தொலைக்காட்சிக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் பார்வையாளரின் சிரிப்பும் கண்ணீரும் ஆக்கப்படும் முறையைத் தென்காசி, குற்றாலம் பகுதியின் வில்லுப்பாட்டு அவையோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆக்கும் முறை

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அரங்குகளில் கூலிக்குக் கைதட்டுவோர் இருந்தனர். சிரிக்கவும் அழவும் தனித்தனி ஆட்கள். 1950களில் அமெரிக்க ஒலிப்பொறியாளர் சார்லி டக்ளஸ், பதிவுசெய்த சிரிப்புகளை விசை தட்டி ஒலிக்கவிடும் பெட்டியைச் செய்தார். இன்று பெட்டியும் வேண்டாம். கூட்டத்தைத் தட்டச் சொல்லித் தனியே படம்பிடித்து, வேண்டிய இடத்தில் ஒட்டிவிடலாம். நடுவர், விருந்தினர் பாராட்டும் இதற்குத் தப்பவில்லை. 2021இல் ‘இந்தியன் ஐடல்’ நிகழ்ச்சிக்கு விருந்தினராகச் சென்ற பாடகர் அமித் குமார், எல்லோரையும் புகழும்படி தம்மிடம் சொல்லப்பட்டதாகப் பின்னர் வெளிப்படையாகக் கூறினார்.

3. வில்லுப்பாட்டின் அவை

இப்பகுதிக் கோயில் கொடை விழாக்களில் சுடலைமாடன், இசக்கியம்மன் கதைகளை வில்லடித்துப் பாடுவர். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்ல, உடுக்கு, குடம், தாளம், கட்டையோடு அமர்ந்தவர்கள் ‘ஆமா’ என்று பதில் கொடுப்பர். இதுவும் பழகிய எதிர்வினைதான். ஆனால் இதில் ஒளிவு இல்லை. பதில் கொடுப்பவர் மேடைமேல் எல்லோர் கண்முன்னும் இருக்கிறார். கேட்பவர் சொன்னதாக அந்த ‘ஆமா’ கணக்கில் ஏறுவதில்லை. அது புலவருக்கு மூச்சுவிட இடம் தருகிறது, கேட்பவருக்குக் கதையை உள்வாங்க நேரம் தருகிறது. கூட்டம் தன்போக்கில் இருக்கும்: பிள்ளைகள் தூங்கும், பெரியவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். கதை உச்சத்துக்கு வரும்போது கூட்டத்திலுள்ள சாமியாடிக்கு அருள் வந்துவிட்டால், புலவர் கதையை அப்படியே நிறுத்திவிட்டு அந்தச் சாமிக்கான பாட்டைத் தொடங்குவார். அவைக்கு இங்கே ஆட்டத்தைத் திருப்பும் அதிகாரம் உண்டு. தொகுப்பு மேசையில் வெட்டி ஒட்டப்படும் முகத்துக்கு அது கிடையாது. இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே என்பது என் முடிபு.

4. ரசனையின் உரிமை

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி., கவிதையை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் தாமாகவே சுவை காணும்வரை காத்திருப்பவர். அந்தக் காத்திருப்பைத்தான் ஒட்டுச் சிரிப்பு பறிக்கிறது. எந்த வரிக்குச் சிரிப்பது, எந்தப் பாட்டுக்குக் கலங்குவது என்பதை, வீட்டில் பார்க்கும் பிள்ளை பாட்டிலிருந்து அல்ல, அருகே காட்டப்படும் முகத்திலிருந்து கற்கிறது. இது சிறிய இழப்பல்ல. புகைபிடிக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வரி போடும் திரையில், ‘இந்தக் கைதட்டல் வேறு நேரத்தில் எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி போடுவதில் எந்தத் தடையும் இல்லை.