கூரை மாறினால் போதுமா?

மன்னர் எழுப்பிய மாளிகைகளின் நீள அகலத்தை மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். கொட்டகையில் வளர்ந்த குழந்தைகளின் வரலாற்றை எந்தப் பாடநூலில் எழுதி வைத்திருக்கிறோம்?

2004 டிசம்பர் 26. கடல் பொங்கிற்று, கரையோரம் கண்ணீர்க் கடலாயிற்று. உயிர் தப்பியோருக்குத் தார் அட்டைக் கொட்டகைகள் எழுந்தன. சில திங்களுக்கென எழுந்த அவையே பலருக்கு நெடுநாள் வீடாயின. பகலில் அனல் கக்கும் கூரை. மழையில் சேறாகும் தரை. ஒரு குழந்தையின் இருமல் ஒன்பது குழந்தைகளைத் தொடும் நெருக்கம்! ஆயினும் பெருங்கொள்ளைநோய் மூளவில்லை. காத்தது எது? வேண்டுதலா? வேப்பிலையா? இல்லை. முகாம்தோறும் குழந்தைகளுக்குப் போடப்பட்ட தட்டம்மைத் தடுப்பூசி. கொடுக்கப்பட்ட வைட்டமின் ஏ. குளோரின் கலந்த குடிநீர். அறிவு திட்டமிட்டது, குழந்தை பிழைத்தது.

கொட்டகை போய்க் கல் வீடு வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? 1970இல் தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டுவதே தொடக்க நாள்களில் முதன்மை பெற்றது. 2000க்குப் பிறகோ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழையின் முகவரி தெற்கே நகர்ந்தது. பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகே, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரை மக்கள் அங்கே வந்தனர். 2019 டிசம்பரில், கூவம் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் பல அங்கே கொண்டு செல்லப்பட்டன. பள்ளியாண்டின் நடுவே! பிள்ளைக்குப் பள்ளி பட்டணத்தில். தாய்க்கு வேலை பட்டணத்தில். படுக்க மட்டும் பெரும்பாக்கம். விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய், குழந்தைக்கு எப்போது சோறூட்டுவாள்? கூலியில் ஒரு பங்கைப் பேருந்துக் கட்டணம் விழுங்கினால், குறைவது எவர் தட்டில்?

இது கற்பனைக் கேள்வியன்று. வரலாறு விடை சொன்ன கேள்வி. இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்னும் ஊரில், 1927இல், சேரியில் வாழ்ந்த 152 குடும்பங்களை, 710 பேரை, காற்றும் வெளிச்சமும் நிறைந்த புதுவீடுகளில் குடியேற்றினர். நலம் பெருகும் என்று நம்பினர். பெருகியது இறப்பு விகிதம்! அவ்வூர்ச் சுகாதார அதிகாரி டாக்டர் மகானிகிள் காரணம் தேடினார். வாடகை ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. அந்தப் பணம் உணவிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. சுவர் வெளுத்தது, பிள்ளைகளின் முகமும் வெளுத்தது.

தலைவிதி என்பார் சிலர். தலையில் எழுதப்பட்டதன்று இது. கோப்பில் எழுதாமல் விடப்பட்டது. எனவே கேட்போம், தோழர்களே! குடும்பத்தைப் பெயர்க்குமுன் அங்கே அங்கன்வாடி திறந்ததா? தடுப்பூசி போடும் செவிலியர் வந்தாரா? குடிநீர் வருகிறதா? பள்ளியில் இடம் உண்டா? பெற்றோர்க்கு அருகில் பிழைப்பு உண்டா? ஐந்துக்கும் 'ஆம்' என்ற விடை வந்தபின், கோடை விடுமுறையில் வண்டி ஏறட்டும்.

கூரை வீட்டின் பாதி. மறுபாதி, அதன்கீழ் வளரும் குழந்தை!