காஷ்மீரச் சிற்றூர்க் குளிர்காலம்: குழந்தை வளர்ப்பும் சொல்வழக்கும்

1872ஆம் ஆண்டில் காஷ்மீரி மொழிச் சொற்றொகுதி ஒன்று இலண்டனில் வெளிவந்தது. அதனைத் தொகுத்த வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி மொழியறிஞர் அல்லர், மருத்துவர். 1865இல் ஸ்ரீநகரில் மருந்தகம் ஒன்றைத் திறந்து, நோயாளிகளிடம் கேட்ட சொற்களைத் திரட்டியவர். அந்நாளில் ஐரோப்பியர் குளிர்காலத்தில் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் தங்குவதற்கு அரசு இசைவளிக்கவில்லை. எனவே ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அவர் மலைகடந்து வெளியேற வேண்டியிருந்தது. 1872இல் அவ்வாறு வெளியேறும் வழியிலேயே நோய் முற்றி, பஞ்சாபிலுள்ள குஜ்ராத் என்னும் ஊரில் உயிர்நீத்தார். காஷ்மீரிச் சொற்களைத் தொகுத்தவர் காஷ்மீரத்தின் குளிர்காலத்தை உடனிருந்து காணாதவர் என்பது அம்மொழியின் அகராதி வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும்.

இது தனிப்பட்ட ஒருவரின் குறையன்று. அவுரல் ஸ்டைன், ஹாதிம் என்னும் எண்ணெயாட்டும் தொழிலாளியிடமிருந்து கதைகளையும் பாடல்களையும் கேட்டுப் பதிவுசெய்தது 1896ஆம் ஆண்டுக் கோடையில், மொஹந்த் மர்க் என்னும் மலைப்புல்வெளியில். நெடிய குளிரிரவுகளில் கணப்பைச் சூழ்ந்திருந்து கேட்கப்படும் கதைகள், வெயிலில் கூடாரத்தருகே சொல்லப்பட்டு 1923இல் நூலாயின. சொல்பவன் உண்டு, எழுதுபவர் உண்டு, கேட்டுக்கொண்டே உறங்கிப்போகும் குழந்தைகள் இல்லை. கிரியர்சனின் காஷ்மீரி அகராதி (1916–1932) இவற்றினும் ஆழமானது. அதற்கு அடிப்படையாக அமைந்தவை ஈசுவர கௌலர் என்னும் ஸ்ரீநகரப் பண்டிதர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள். அவர் குளிரை அறிந்தவர். ஆயினும் அது நகரத்துப் பண்டிதக் குடும்பங்களின் வழக்கைப் பெரிதும் தழுவியது. சிற்றூர் முஸ்லிம் உழவர் வீட்டில் தாயும் குழந்தையும் பேசிய வழக்கு அதில் முழுமையாக இடம்பெற்றிருக்க வழியில்லை. சிற்றூர் வாழ்வுக்குப் பெருந்துணையாவது, 1889 முதல் நிலவரித் திட்ட அலுவலராகப் பணிபுரிந்த வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட நூலேயாகும்.

காஷ்மீரிலும் ஆண்டு ஆறு பருவங்களாகப் பகுக்கப்படும். நவம்பர் நடுவில் தொடங்கும் வந்த, ஜனவரி நடுவில் தொடங்கும் ஷிஷுர் ஆகிய இரண்டும் குளிர்ப் பருவங்கள். இவற்றை முன்பனி, பின்பனி எனத் தமிழில் பெயர்ப்பது எளிது. ஆனால் தமிழ் மரபில் முன்பனி மார்கழியும் தையும். பின்பனி மாசியும் பங்குனியும். ஆகவே பெயர் பொருந்தினும் காலம் ஏறத்தாழ ஒரு திங்கள் பிறழும். மக்கள் நாவில் இவற்றினும் மிகுதியாக வழங்குவது வேறொரு கணக்கு. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லை கலான். அதனை அடுத்த இருபது நாள் சில்லை குர்த். இறுதிப் பத்து நாள் சில்லை பச்சா. சில்லா என்பது நாற்பது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. கலான் பெரியது, குர்த் சிறியது, பச்சா குழந்தை. ஈரானில் பெரிய சில்லா, சிறிய சில்லா என்னும் இரண்டும் பெருவழக்கு. காஷ்மீரத்தாரோ மூன்றாவதாக ஒரு குழந்தையையும் சேர்த்துக் குளிர்காலத்தையே ஒரு குடும்பமாக்கிவிட்டனர். இருபது நாளையும் பத்து நாளையும் 'நாற்பது' என்று பெயர்ப்பது பிழையாகும். நோன்பிருப்போர் கூறும் 'மண்டலம்' நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தெட்டு என வேறுபட்டும் சொல் மாறாதிருப்பதை எண்ணுங்கால் இந்நிலை எளிதில் விளங்கும்.

இந்த எழுபது நாளுக்கான ஏற்பாடு இலையுதிர் காலத்திலேயே தொடங்கும். கத்திரிக்காய், சுரைக்காய், தக்காளி முதலியன அரிந்து உலர்த்தப்படும், டர்னிப் கிழங்கின் வில்லைகள் நூலிற் கோத்து மாலைகளாகச் சுவரில் தொங்கும், மீனும் உலர்த்தப்படும். இவற்றின் பொதுப்பெயர் ஹோக் ஸ்யுன், அதாவது உலர்கறி. வாங்கன் ஹச்சி என்பதைக் 'கத்திரி வற்றல்' என்று ஒரு தமிழ்க் குழந்தையும் பெயர்த்துவிடும். இருப்பினும் பொருள் ஒன்றாயிருக்க, பயன் வேறாகிறது. தமிழ்நாட்டில் வற்றல் சித்திரை வெயிலில் போடப்படுவது. குழம்புக்கும் தொடுகறிக்கும் ஆவது. காஷ்மீரச் சிற்றூரிலோ நிலம் உறைபனியின்கீழ்க் கிடக்கும் திங்கள்களில் சோற்றுடன் உண்ண அதுவே கறி. அது தீர்ந்தால் வெறுஞ்சோறு. நெல்லும் தீர்ந்தால் பட்டினி. 1877ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பெய்த அடைமழையால் விளைச்சல் அழிந்து, 1879 வரை நீடித்த பஞ்சத்தை லாரன்ஸ் விரிவாக எழுதியுள்ளார். விளைந்த நெல்லை அரசுப் பங்காகப் பொருளாகவே கொள்ளும் வரிமுறை அப்போது நிலவியது. எனவே ஒரு வீட்டுக் குழந்தைகள் குளிரைக் கடப்பதும் கடவாததும் அவ்வீட்டுக் குதிரில் எஞ்சிய நெல்லைப் பொறுத்ததாயிற்று. வேலை தேடி ஆடவர் பலர் குளிர்காலத்தில் பஞ்சாபுக்குச் சென்றுவிடுவர். வீட்டில் எஞ்சுவோர் முதியோர், பெண்டிர், குழந்தைகள்.

வீட்டின் அமைப்பும் குளிரை நோக்கியதே. கீழ்த்தளத்தில் மாடும் ஆடும். அவற்றின் உடற்சூடு மேலெழுந்து மேல்தளத்தில் வாழும் மாந்தரைக் காக்கும். சாளரங்களின் மரப்பின்னலில் தாள் ஒட்டப்படும். காற்று அடங்கும், வெளிச்சமும் குறையும். தரையில் வைக்கோற் பாயும் கோரைப் பாயும் விரிக்கப்படும். அனைவரும் ஃபேரன் அணிவர். இது கழுத்து முதல் முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் தளர்ந்த அங்கி. (இச்சொல்லின் முதலெழுத்தைப் பகரமாக எழுதினால் தமிழில் மகனுக்கோ மகளுக்கோ பிறந்தவன் வந்து நிற்பான், பெயர்ப்போர் ஆய்த எழுத்தைக் கைவிடலாகாது.) கைக்குழந்தை தாயின் ஃபேரனுக்குள்ளேயே அணைத்து வைக்கப்படும்.

ஃபேரனுக்குள் குழந்தையோடு போட்டியிடும் மற்றொரு பொருள் காங்கர். பிறமொழிகளில் இது காங்க்ரி என வழங்கும். உள்ளே ஒரு மண்கலம், புறத்தே வில்லோ மிலாற்றுப் பின்னல், மேலே கைப்பிடி, கைப்பிடியில் கட்டித் தொங்கும், தணலைக் கிளறுவதற்கான ட்சாலன் என்னும் சிறு அகப்பை. எரிபொருளும் வீட்டாரின் உழைப்பே. உதிர்ந்த சினார் இலைகளைப் பெண்டிரும் சிறாரும் கூட்டிக் குவித்து மூட்டுவர். நீர் தெளித்துத் தீயை அடக்கிக் கரியாக்குவர். காஷ்மீரச் சிறார் குளிர்காலத்தைப் பற்றி முதலில் அறிவது இந்தக் கூட்டலும் குவித்தலும் ஆகலாம். காங்கர் என்பது 'காஷ்டாங்காரிகா' என்னும் வடசொல்லின் திரிபாகக் கொள்ளப்படுகிறது. காஷ்டம் கட்டை, அங்காரம் தணல். முகலாயருடன் வந்த இத்தாலியரிடமிருந்து காஷ்மீரத்தார் இதனைக் கற்றனர் என்ற கருத்தும் முன்னர் கூறப்பட்டது. ஆயின் பன்னிரண்டாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த மங்கர் என்னும் வடமொழிப் புலவர் 'ஹசந்திகா' என்னும் சொல்லால் தணற்கலத்தைக் குறிப்பதால், அக்கருத்து வலுவிழக்கிறது. ஹசந்தி என்றால் சிரிப்பவள் என்று பொருள். சாம்பலைக் கிளறியதும் செந்தணல் வெளிப்படுவதைச் சிரிப்பாகக் கண்டவர் யாராயினும், அவர் அந்தக் கலத்தை மடியில் வைத்திருந்தவராகவே இருத்தல் வேண்டும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? குமுட்டி அடுப்பு சமையலுக்கானது. நெருப்புச்சட்டி என்றால் கோயில் வேண்டுதல் நினைவுக்கு வரும். தமிழகத்துத் தாய்மார் குழந்தையருகே தணலைக் கொணர்வது பெரும்பாலும் குளிப்பாட்டியபின் சாம்பிராணி காட்டும்போதுதான். அதுவும் சில நொடிப்பொழுது. ஆயினும் சங்க இலக்கியத்தில் வழி உண்டு. கூதிர்க்கால வாடையைப் பாடும் நெடுநல்வாடையில், மக்கள் குளிர்ந்த நீரை வெறுத்துத் தீக்காயும் அகன்ற வாயையுடைய கலம் 'தடவு' எனப்படுகிறது. பெயர்ப்போர்க்குக் கிடைத்த பெருஞ்செல்வம் இச்சொல். எனினும் தடவு ஓரிடத்தில் வைத்துச் சுற்றியிருந்து காய்வது. காங்கரோ ஆளோடு நடப்பது, அங்கிக்குள் இருப்பது. ஆகவே காங்கர் என்னும் சொல்லையே ஆண்டு, முதலிடத்தில் 'மடிக்கணப்பு' என்று விளக்கம் தருதலே தக்கது. அறையில் வைத்த பெரிய கணப்பு வருமிடத்துத் தடவு என்னும் சொல்லை மீட்டெடுக்கலாம்.

மடிக்கணப்பு என்பதில் 'மடி' இன்றியமையாதது. ஏனெனில் தீங்கும் அங்கேதான் நிகழ்ந்தது. மேற்கூறிய எல்ம்ஸ்லியே 1866இல், காஷ்மீரத்தாரின் வயிற்றுப்புறத்திலும் தொடையிலும் தோன்றும் தோற்புற்றுக்குக் காங்கரின் இடையறாத சூடே காரணம் என எழுதினார். ஸ்ரீநகரில் நெடுங்காலம் மருத்துவம் செய்த எர்னஸ்ட் நீவ் 1923இல் மீண்டும் இதனை விரிவாக ஆராய்ந்தார். புற்று முதுமையை நெருங்கும்போது வெளிப்படும். சூடு படத் தொடங்குவதோ இளமையில். உறக்கத்தில் கவிழ்ந்த காங்கரால் குழந்தைகள் வெந்ததும் வீடுகள் எரிந்ததும் உண்டு. குளிரிலிருந்து குழந்தையைக் காக்கும் பொருளும் குழந்தையைச் சுடும் பொருளும் ஒன்றாக இருந்த இருமையை, வெறும் 'கணப்பு' என்ற பெயர்ப்பு மறைத்துவிடும்.

பனி என்னும் சொல் தரும் இடர் வேறுவகைப்பட்டது. தமிழில் புல்நுனித் துளியும் மூடுபனியும் மலைமேற் பெய்வதும் குளிர்நடுக்கமும் அச்சொல்லுள் அடங்கும். காஷ்மீரியில் பெய்வது ஷீன். நீர்மேல் உறைவது துலகதுர். கூரை விளிம்பில் ஈட்டிபோல் தொங்குவது ஷிஷர்காண்ட். மூன்றும் குழந்தைகளுக்குத் தனித்தனி விளையாட்டுப் பொருள்கள். முதலாவதால் ஷீன் மொஹ்ன்யுவ், அதாவது பனிமனிதன், செய்வர். இரண்டாவது காலடியில் நொறுங்கும். மூன்றாவதை ஒடித்துச் சுவைப்பர். மூன்றையும் பனி என்றே எழுதினால் மொழிபெயர்ப்பில் விளையாட்டுகள் ஒன்றாகிவிடும். பெய்பனி, பனித்தகடு, பனிவிழுது எனப் பிரிப்பது பொருந்தும்.

முதற்பனி பெய்யும் நாள் வீட்டில் விழா. நவ ஷீன், புதுப்பனி, என வாழ்த்துவர். பனியைச் சிறு பொதியாக மறைத்து அடுத்தவர் அறியாமல் கையில் கொடுத்துவிட்டால், பெற்றவர் விருந்தளிக்க வேண்டும். இவ்வகைத் தூதுக்குச் சிறாரைப் போலத் தகுந்தவர் இலர். பண்டிதக் குடும்பங்களில், பிறந்த குழந்தை காணும் முதற்குளிரில் ஷிஷுர் என்னும் சடங்கு நிகழும்; பருவத்தின் பெயரையே தாங்கிய சிறு காப்புப்பொதி குழந்தையின் உடையில் தைக்கப்படும். பௌஷ அமாவாசையன்று யட்சனுக்குப் பொங்கல் போன்ற கிச்சடி படைத்துச் சுவர்மேல் வைப்பர். யட்சனின் குல்லாயைப் பறிப்பவனுக்குப் பெருஞ்செல்வம் வாய்க்கும் என்ற கதையைக் கேட்ட குழந்தை அவ்விரவு எளிதில் உறங்குவதில்லை. அதன்பின் வரும் ஹேரத் என்னும் சிவராத்திரியில் சோழி விளையாட்டு. இரவுகள் நீண்டவை, பெண்டிர் கம்பளி நூல் நூற்பர், வீட்டிலுள்ள ஆடவர் வைக்கோலால் காலணியும் பாயும் முடைவர், முதியோர் கதை சொல்வர். ஸ்டைன் கோடையில் கேட்ட கதைகளின் இயல்பான களம் இதுவே.

கூரைகள் தகடாயின, புகாரி என்னும் இரும்புக் கணப்பும் மின்சூடேற்றிகளும் வந்தன, மாடுகள் தனித் தொழுவத்துக்குச் சென்றன. காங்கர் மட்டும் மறையவில்லை. சரார்-இ-ஷரீப் ஊரின் வண்ணக் காங்கர்கள் இன்றும் புகழ்பெற்றவை. மின்சாரம் அறும் இரவுகளில் அதுவே துணை. 1990இல் பண்டிதக் குடும்பங்களுள் பெரும்பாலானவை பள்ளத்தாக்கை விட்டு ஜம்முவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. ஜம்மு நகரில் பனி பெய்வதில்லை. அங்குப் பிறந்த குழந்தைகளுக்கும் ஷிஷுர் தைக்கப்படுகிறது. நவ ஷீன் என்னும் வாழ்த்து தொலைபேசி வழியே செல்கிறது. அவ்வீடுகளில் வளர்ந்த ஒருவர் எழுதும் கதையில் வரும் ஷீன், கண்ட பனியா, கேட்ட பனியா என்பதை முன்பின் வரிகளைக் கொண்டே தமிழ் மொழிபெயர்ப்பாளர் துணிய வேண்டியிருக்கிறது.