நம் பைசா மஸ்கட்டில் தங்கிவிட்ட கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்த பழைய மாணவர் ஒருவர் ஓமன் நாட்டு 50 பைசா காசைக் காட்டினார். அதில் குறுக்காக வைத்த இரண்டு வாள்கள், அவற்றின் மேல் கஞ்சர் என்னும் வளைந்த கத்தி. அது அந்த அரசின் சின்னம். "அங்கேயும் பைசாதான் சார், எப்படி?" என்றார்.

ஓமனில் 1000 பைசா சேர்ந்தது ஒரு ரியால். அந்தப் பைசா நம் பைசாவேதான். அரபியில் 'பல்' என்று சொல்லும்போது வருகிற ப ஒலி கிடையாது. 'கம்பம்' என்பதில் ம்-க்குப் பின்னால் வருகிற ஒலிதான் உண்டு. அந்த உச்சரிப்பில் நம் சொல்லை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அது அங்கே போனது வியாபாரத்தில். வளைகுடா முத்தும் பேரீச்சையும் பம்பாய்க்கு வந்தன. இங்கிருந்து அரிசி, துணி, மரம் போயின. அந்தக் கரையோரத்தில் ஆங்கிலேயரின் அதிகாரம் இந்திய அரசு வழியாகவே நடந்தது. மஸ்கட்டில் 1864லேயே இந்தியத் தபால் நிலையம் திறந்தார்கள். பிற்பாடு குவைத்திலும் பஹ்ரைனிலும் இந்தியத் தபால்தலையின் மேலேயே ஊர்ப்பெயரை அச்சடித்து விற்றார்கள். ஆகவே குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி, மஸ்கட் கடைத்தெருக்களில் செல்லுபடியான பணம் நம் ரூபாய். (ஓமனில் கூடவே ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் வெள்ளிக்காசும் ஓடியது. எந்த வருஷம் அடித்தாலும் அதில் 1780 என்றே போடுவார்கள்! அந்த ஆண்டு பார்த்துத்தான் ஜனங்கள் நம்பினார்கள்.) நாம் சுதந்திரம் வாங்கிய பிறகும் இது மாறவில்லை.

மாற்றியது தங்கம். வளைகுடாவில் தங்கம் மலிவு, இங்கே விலை அதிகம். ரூபாய் நோட்டை அங்கே கொண்டுபோய்த் தங்கம் வாங்கிக் கடத்தினார்கள். அந்த நோட்டெல்லாம் வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்குத் திரும்பிவரும். அதற்கு நாம் பவுண்டாகக் கொடுக்க வேண்டும். அன்னியச் செலாவணி கரைந்தது. 1959ல் சட்டம் திருத்தி, வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி நோட்டுகளை வெளியிட்டார்கள். 1, 5, 10, 100 ரூபாய்களில், வேறு நிறத்தில், எண்ணுக்கு முன் 'இசட்' எழுத்தோடு. ஹஜ் பயணிகளுக்கென்று 10, 100 ரூபாயில் ஹஜ் நோட்டும் தனியாக வந்தது. அது இந்தியாவுக்குள் செல்லாது.

குவைத் முந்திக்கொண்டது. 1961ல் சொந்த தினார் வெளியிட்டது. ஒரு தினார் ஒரு பவுண்டுக்குச் சமம். நம் கணக்கில் 13 ரூபாய் 33 காசு. 1965ல் பஹ்ரைனும் தினாருக்கு மாறியது. மற்றவர்கள் ரூபாயிலேயே இருந்தார்கள்.

1966 ஜூன் 6. இரண்டு யுத்தம், மழையில்லாத வருஷம், வெளிநாட்டு உதவியும் நின்றுபோன நிலை. இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பை 36.5 சதவீதம் குறைத்தது. டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசு. பவுண்டு 21 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதற்கு முதல் நாள் 1000 ரூபாய்க்கு 75 பவுண்டு. மறுநாள் 47 பவுண்டு சொச்சம். வளைகுடா நோட்டும் நம் ரூபாயோடு ஒட்டியிருந்ததால் அதுவும் சேர்ந்து விழுந்தது.

நம் அரசுக்கு வேறு வழி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கையெழுத்தை நம்பி நோட்டை வைத்திருந்த ஓர் அரபு மீனவருக்கும் நம் வறட்சிக்கும் என்ன சம்பந்தம்? என் பார்வையில் நாம் அன்று இழந்தது நாணயத்தை. அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்திலும்தான்.

கத்தாரும் துபாயும் சில மாதம் சவூதி ரியாலை வைத்துச் சமாளித்து, அதே செப்டம்பரில் தங்களுக்குள் ஒரு பொது ரியாலை வெளியிட்டன. அபுதாபி பஹ்ரைன் தினாருக்குப் போனது. கடைசிவரை இருந்தது ஓமன். அங்கும் 1970 மே மாதம் ரியால் வந்தது. ரூபாய் போய்விட்டது, பைசா மட்டும் தங்கிவிட்டது. அமீரகத்தின் திர்ஹம் 1973 மே மாதம்தான் பிறந்தது. காபிக் கெண்டி போட்ட அந்த ஒரு திர்ஹம் காசு உங்களில் பலர் வீட்டில் கிடக்கும்.

வீரசோழனிலும் பக்கத்து ஊர்களிலும் கண்மாய் பெருகாத வருஷங்களில் வளைகுடாவுக்குப் போனவர்கள் அநேகமாக எல்லாரும் இதற்குப் பிறகு போனவர்கள். அதனால்தான் "நம்ம ரூபாய்க்கு அங்கே என்னைக்கு சார் மதிப்பு இருந்துச்சு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 1960ல் துபாயில் கூலி வாங்கியவருக்கு நம் ரூபாய்தான் சம்பளம்.

நம் ஊர்ப் பெரியவர்களின் பெட்டியில் ஹஜ் நோட்டோ வளைகுடா நோட்டோ இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாரும் கேட்டால் சல்லிக்கு விற்றுவிடாதீர்கள்.